முத்துலட்சுமி அம்மையாரின் வழி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ம் வருஷம் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்ணைக் கலாசாலையில் சேர்க்கலாகாதென்று ஆட்சேபங்கள் எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாது, மகாராஜா கலாசாலையில் அவருக்கு இடமளித்தார். அம்மையார் 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் சட்டசபையில் புகுந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-ல் நிறைவேறியது.

தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோன துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஜனங்களிடம் நிதி திரட்டி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தார். 1968-ல் மறைந்தார்.

அந்நோயைக் கண்டறிய இன்று அணு மருத்துவம் பெருந்துணை புரிகிறது. டெக்னீஷியம் என்னும் மூலகத்தின் கதிர்வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலமறிந்து அம்மருந்தைத் தயாரிக்கவும், உடலுள் சென்ற அதன் கதிரைக் காமிராவில் படமாக்கவும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் வேண்டும். கவனம் பிசகினால் நோயாளிக்கும் கேடு, அவருக்கும் கேடு. விஞ்ஞானம் பயின்று பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இதில் பட்டப்படிப்பு உண்டு.

யந்திரத்தைப் பணம் வாங்கித் தரும். இயக்கும் கைகளைக் கல்வியே தரவேண்டும். அன்று ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு எண்ணற்ற நோயாளிகளுக்கு வாழ்வளித்தது. புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமப் பள்ளிகள்தோறும் இப்படிப்பைப் பற்றி எடுத்துரைப்பது ஊழியர்களின் கடமையாகும். அம்மையாருக்கு நாம் எழுப்பக்கூடிய ஞாபகச் சின்னம் அதுவே.