ஹென்றி டுனாண்ட்: எதிரியின் காயத்துக்கும் மருந்திட்டவர்

வட இத்தாலியின் சோல்ஃபெரினோ என்ற இடத்தில் 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி பெரும் போர் மூண்டது. பிரான்ஸ், சார்டீனியா ஆகியவற்றின் கூட்டுப் படைகளும் ஆஸ்திரியப் படைகளும் மோதிய அந்த ஒரே நாளில், சுமார் 40 ஆயிரம் பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தனர்.

அன்று மாலை, அருகிலுள்ள காஸ்திலியோனே நகரில் ஒரு சுவிட்சர்லாந்து வணிகர் இருந்தார். 31 வயதான ஹென்றி டுனாண்ட் அங்கு வந்ததன் நோக்கம் சேவை அல்ல. பிரான்ஸின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் அவர் தொடங்கிய வேளாண் நிறுவனத்துக்கு நீரும் நிலமும் தேவைப்பட்டன. அதற்காக பிரஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்கவே அவர் போர்முனைவரை பயணம் செய்திருந்தார்.

ஜெப அறையிலிருந்து சிறைச்சாலைக்கு

டுனாண்ட் 1828ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, ஜெனிவாவில் கால்வினிய சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். ஏழைகளையும் நோயாளிகளையும் அநாதைகளையும் தேடிச்சென்று உதவுவது அவரது பெற்றோருக்கு வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. இளைஞரான டுனாண்டும் நண்பர்களுடன் விவிலியம் படித்தார். சிறைக் கைதிகளைச் சென்று பார்த்துவந்தார். ஜெனிவாவில் கிறிஸ்தவ இளைஞர் சங்கம் 1852இல் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் காஸ்திலியோனேயில் அவர் கண்டது, தர்மக் காசுகளால் தீர்க்கக்கூடிய துயரம் அல்ல. ஆயிரக்கணக்கான காயக்காரர்கள் அச்சிறு நகரின் தெருக்களிலும் தேவாலயங்களிலும் கிடத்தப்பட்டிருந்தனர். மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். டுனாண்ட் மருத்துவம் படித்தவர் அல்லர். எனினும் ஊர்ப் பெண்களைத் திரட்டினார்; தண்ணீர் கொடுத்தார், காயங்களைக் கழுவினார், மரணத் தறுவாயில் இருந்தவர்களின் கடைசிச் செய்திகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

படுத்திருந்தவர்களில் ஆஸ்திரியர்களும் இருந்தனர். அவர்கள் அந்த ஊர் மக்களுக்கு எதிரிகள். டுனாண்ட் எந்தச் சீருடை என்று பாராமல் பணிபுரிவதைக் கண்ட பெண்களும் அவ்வாறே செய்யத் தொடங்கினர். சிறைப்பிடிக்கப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவித்து சிகிச்சைப் பணியில் ஈடுபடுத்தவும் அவர் அனுமதி பெற்றார்.

சட்டமாக மாறிய இரக்கம்

இந்த அனுபவத்தை நூலாக எழுதி, 1862இல் தமது செலவிலேயே அச்சிட்டார். நல்லவர் ஒருவர் தற்செயலாக அவ்வழியே வருவதை நம்பி காயமடைந்தவன் காத்திருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை வாதம். சமாதான காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றுவிக்க வேண்டும்; காயமடைந்தோரையும் அவர்களைக் காப்போரையும் தாக்குவதில்லை என்று அரசுகள் முன்கூட்டியே உடன்பட வேண்டும் என்றும் அவர் கோரினார்.

1863 பிப்ரவரியில் அவரையும் சேர்த்து ஐவர் கொண்ட குழு ஜெனிவாவில் கூடியது. அதுவே பின்னர் சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஆனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி 12 அரசுகள் முதலாவது ஜெனிவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

தம் ஊரிலேயே அந்நியர்

பொதுப்பணியில் மூழ்கிய டுனாண்டின் அல்ஜீரிய வணிகம் சரிந்தது. 1867இல் அவர் திவாலானார். அவரை நம்பி முதலிட்டவர்கள் பலரும் பெரும் இழப்பைச் சந்தித்தனர். கடனை ஒழுக்கக்கேடாகக் கருதிய அந்தப் பக்தி நகரம் கதவுகளை அடைத்தது. அவர் உருவாக்கிய குழுவும், அவர் வளர்த்த இளைஞர் சங்கமும் அவரை விலக்கின. ஜெனிவாவை விட்டு வெளியேறிய அவர் மீண்டும் அங்கு திரும்பவேயில்லை. போர்க்களத்தில் எதிரிக்கு இரங்கக் கற்பித்த மனிதருக்கு, சொந்த ஊரில் அந்த இரக்கம் கிட்டவில்லை.

பல்லாண்டுக்கால வறுமைக்குப் பின், ஹைடன் என்ற சுவிஸ் கிராமத்து மருத்துவமனையில் 1892 முதல் தங்கினார். 1895இல் ஒரு பத்திரிகையாளர் அவரைப் பற்றி எழுதிய பின்னரே, அவர் உயிருடன் இருப்பதை உலகம் அறிந்தது. 1901இல் முதலாவது அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் பிரான்ஸின் ஃப்ரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முதுமையில் திருச்சபை அமைப்புகள் மீது அவருக்குக் கசப்பே மிஞ்சியது. 1910 அக்டோபர் 30ஆம் தேதி மறைந்த அவர், விரும்பியபடியே சடங்குகளின்றி ஜூரிச் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

வன்னிக் கரையில்

இலங்கைத் தமிழர்களுக்கு இது தொலைதூர வரலாறு அல்ல. 2009இல் வன்னி யுத்தத்தின் இறுதி மாதங்களில், புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பல்களில் காயமடைந்தோர், நோயாளிகள், உடன்சென்ற உறவினர் என 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். மருத்துவமனைகளைத் தாக்கக்கூடாது என்ற ஜெனிவா விதி மீறப்பட்ட களமும் அதுவேதான். ஒப்பந்தம் மட்டும் உயிர்களைக் காத்துவிடாது என்பதற்கு அது சாட்சி. அந்த ஒப்பந்தமும் இல்லாதிருந்தால், நடந்தது குற்றம் என்று சொல்வதற்குக்கூட நம்மிடம் ஓர் அளவுகோல் இருந்திராது.

டுனாண்ட் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைச் செலவிடவில்லை. தமது உயிலில் அவர் செய்த ஏற்பாடுகளுள் ஒன்று, ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளி ஒருவருக்கு எப்போதும் இலவசமாக ஒரு படுக்கை இருக்க வேண்டும் என்பது. அதில் படுக்கப்போகிறவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.