எடையின் இரகசியம் கண்ட கலிலியோ

விண்வெளி வீரர்கள் எடையற்று மிதக்கும் படங்களை நாம் பார்த்து வியந்திருக்கிறோம். அதே அனுபவத்தை விண்வெளிக்குச் செல்லாமல், விமானத்துக்குள்ளேயே சில வினாடிகள் பெறலாம். அந்த விமானம் வானில் ஒரு குறிப்பிட்ட வளைந்த பாதையில் ஏறி இறங்கும். விமானம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே அப்பாதையின் வடிவத்தைக் கணக்கினால் நிறுவிய மேதை கலிலியோ ஆவார். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

கலிலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலி நாட்டில் பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ சிறந்த இசைக் கலைஞர். மகன் மருத்துவராக வேண்டுமென்று விரும்பி, 1581இல் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மகனின் உள்ளமோ கணிதத்தையே நாடியது. பட்டம் பெறாமலே 1585இல் கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆனால் நான்கே ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகம் அவரைக் கணித ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. 1592இல் பதுவை நகர் சென்று, அங்கு 18 ஆண்டுகள் கற்பித்தார்.

சாய்ந்த பலகையும் நீர்த்தாரையும்

கனமான பொருள் விரைந்து விழும், இலேசான பொருள் மெல்ல விழும் என்பதே அந்நாள் அறிஞர் கொள்கை. பைசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளை விழவிட்டு இதைக் கலிலியோ மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆயினும் அவர் உண்மையைத் தேடிக் கண்டது ஒரு மரப்பலகையில்தான். நேரே விழும் பொருளை அளக்க அக்காலத்தில் தகுந்த கடிகாரம் இல்லை. ஆகவே நீண்ட பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருளவிட்டார். மெல்லிய தாரையாக ஒழுகிய நீரைச் சேர்த்து எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். சமமான நேரப் பகுதிகளில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்று பெருகின. விழும் பொருளின் வேகம் ஒரே சீராகக் கூடுகிறது என்பதும், காற்றின் தடை இல்லையேல் எல்லாப் பொருள்களும் ஒன்றாகவே விழும் என்பதும் அவருக்குத் தெளிவாயின.

எறியப்பட்ட பொருளில் இரண்டு இயக்கங்கள் உள்ளன. ஒன்று அதை மாறா வேகத்தில் முன்னே கொண்டு செல்கிறது. மற்றொன்று வேகம் கூட்டிக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உண்டாகும் பாதையே பரவளையம். நாம் பந்தை வீசும்போதும் அது ஏறக்குறைய இப்பாதையிலேயே செல்கிறது.

புகழும் துன்பமும்

1609இல் தாமே தொலைநோக்கி செய்து வானை ஆராய்ந்தார். 1610இல் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையில் அவருக்கு உறுதி பிறந்தது. 1616இல் எச்சரிக்கப்பட்டார். 1632இல் வெளியிட்ட நூலுக்காக மறு ஆண்டு உரோமையில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். ஜூன் 22ஆம் நாள், 69 வயது முதியவர் முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாகக் கூற நேர்ந்தது. வாழ்நாள் முழுதும் வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. இவ்வழக்கில் நேர்ந்த தவற்றை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மகள் அளித்த ஆறுதல்

கலிலியோவின் மூத்த மகள் விர்ஜீனியா, ஆர்செத்ரியில் இருந்த புனித கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் மரிய செலஸ்தே என்னும் பெயருடன் துறவியாக வாழ்ந்தார். வறுமை மிக்க அம்மடத்திலிருந்து தந்தைக்கு அவர் எழுதிய கடிதங்களில் 124 இன்றும் உள்ளன. தந்தையின் சட்டைக் கழுத்துப்பட்டிகளை வெளுத்துக் கொடுத்தார். இனிப்புகள் செய்து அனுப்பினார். வாரந்தோறும் ஏழு தவத் திருப்பாடல்களைச் செபிக்க வேண்டும் என்பதும் தந்தை பெற்ற தண்டனையில் ஒன்று. அதைத் தாமே ஏற்றுக்கொண்டு செபித்தார் அம்மகள். 1633 டிசம்பரில் கலிலியோ வீடு திரும்பினார். நான்கு மாதங்களுக்குள், 1634 ஏப்ரல் 2ஆம் நாள், 33 வயதிலேயே மகள் இறந்துபோனார்.

எடை என்பது யாது?

வேறு யாராயினும் இத்துயரில் சோர்ந்து அமர்ந்திருப்பர். கலிலியோவோ பதுவையில் செய்த பழைய சோதனைக் குறிப்புகளை எடுத்து ஒழுங்குபடுத்தி, இயக்கத்தைப் பற்றிய தம் தலைசிறந்த நூலை எழுதலானார். அது 1638இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதற்குள் அவர் பார்வையை இழந்துவிட்டார்.

அந்நூலில் அரிய கருத்து ஒன்று உள்ளது. தோளிலுள்ள சுமை நம்மை அழுத்துவது, அது விழாமல் நாம் தாங்குவதால்தான். சுமை விழும் அதே வேகத்தில் நாமும் விழுந்தால் அது நம்மை அழுத்தாது. ராட்டினம் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும்போது உடல் இலேசாவதுபோல் நாம் உணர்வதும் இதனால்தான்.

1642 ஜனவரி 8ஆம் நாள், 77ஆம் வயதில் கலிலியோ காலமானார்.

வானில் கண்ட உண்மை

1950களிலிருந்து இவ்வுண்மையை விமானங்களில் நேரே உணர முடிகிறது. விமானம் மூக்கை நன்கு உயர்த்தி ஏறுகிறது. பிறகு காற்றின் தடையை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் விசையை வைத்துக்கொள்கிறார் விமானி. அப்போது விமானம், வீசியெறிந்த கல்லைப்போல் பரவளையப் பாதையில் செல்கிறது. சுமார் 22 வினாடிகள் உள்ளிருப்போர் மிதக்கின்றனர். அதற்கு முன்னும் பின்னும் உடல் ஏறக்குறைய இருமடங்கு கனக்கிறது. அவ்வுயரத்தில் புவியீர்ப்பு நூற்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. விமானமும் மனிதரும் ஒன்றாக விழுவதால் இருக்கை அவர்களைத் தாங்குவதில்லை. ஆதலால் எடை தெரிவதில்லை. ஏறும்போதே மிதக்கத் தொடங்குகின்றனர் என்பது விந்தை. மேல்நோக்கி எறிந்த கல்லும், கைவிட்ட கணமே விழத் தொடங்கிவிட்டதன்றோ!

1942 ஜனவரி 8ஆம் நாள், கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டுகள் நிறைந்த அன்று, ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். நோயினால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அந்த அறிஞர், 2007 ஏப்ரலில் இத்தகைய விமானத்தில் சென்று, நாற்காலியின்றி மிதந்து முகம் மலர்ந்தார்.

கண்ணொளி மங்கி, மகளையும் இழந்த முதியவர் கைவிடாத பணியின் பயன் இது. நமக்கும் துன்பங்கள் வரலாம். அப்போது நாமும், நம் கையிலுள்ள கடமையை விடாது செய்து முடிப்போமாக.