ஜார்ஜ் தாமசன்

ஜார்ஜ் தாமசன் (ஏறத்தாழ 1602 – 1666) இங்கிலாந்தைச் சேர்ந்த நூல் வணிகர் ஆவார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் வெளியான துண்டு நூல்களையும் செய்தி இதழ்களையும் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டிப் பாதுகாத்தமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

தாமசன் இலண்டனில் புனித பவுல் பேராலய வளாகத்தில் நூல் விற்பனை நிலையம் நடத்தினார். கவிஞர் ஜான் மில்டன் இவருடைய நண்பர். இவருடைய மனைவி கேத்தரின் 1646 இல் இறந்தபோது மில்டன் இரங்கற்பா ஒன்று இயற்றினார். 1651 இல் அரசுக்கு எதிரான சதியில் தொடர்புடையவர் என்ற ஐயத்தின் பேரில் தாமசன் கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

தொகுப்பு

1641 இல் அச்சுக் கட்டுப்பாடு தளர்ந்ததும் இலண்டனில் வார இதழ்கள் பெருகின. படித்தபின் எறியப்பட்ட இவற்றைப் பிறர் பொருட்படுத்தவில்லை. தாமசனோ 1640 முதல் 1661 வரை, அரசர் தரப்பு, நாடாளுமன்றத் தரப்பு என்ற வேறுபாடின்றி அனைத்தையும் திரட்டினார். பெரும்பாலானவற்றில் அவை தமக்குக் கிடைத்த நாளையும் குறித்து வைத்தார். ஒரு வெளியீடு எந்த நாளில் மக்களை எட்டியது என்பதை ஆய்வாளர்கள் இக்குறிப்புகளைக் கொண்டே பெரிதும் அறிகின்றனர்.

இத்தொகுப்பில் 14,942 துண்டு நூல்கள், 7,216 செய்தி இதழ்கள், 97 கையெழுத்துப் படிகள் என மொத்தம் 22,255 உருப்படிகள் உள்ளன.

பாதுகாப்பு

படைகள் நெருங்கும்போதெல்லாம் தொகுப்பு பெட்டிகளில் அடைக்கப்பட்டு இடம் மாற்றப்பட்டது. சர்ரே, எசெக்சு ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்ட இதனை, ஒல்லாந்துக்கு அனுப்பவும் தாமசன் எண்ணினார். கடலில் அழியக்கூடும் என அஞ்சிக் கைவிட்டார். பின்னர் கிடங்கில், மேசைகள் போலத் தோன்றுமாறு துணியால் மூடி மறைத்து வைத்தார் என்று கூறப்படுகிறது. 1647 இல் அரசர் முதலாம் சார்லசு இரவல் பெற்ற ஒரு நூல் சேற்றில் விழுந்து கறைபட்டது.

பிற்காலம்

தாமசனின் மறைவுக்குப் பின் தொகுப்பு நெடுங்காலம் உரிய விலைக்கு வாங்குவாரின்றி இருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இதனை 300 பவுண்டுக்கு வாங்கி 1762 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1908 இல் இதன் விவரப்பட்டியல் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. தற்போது இத்தொகுப்பு இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. இதன் நுண்படச் சுருள்களும் எண்ணிமப் படிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றை எழுதுவோருக்கு இது முதன்மையான மூலங்களுள் ஒன்றாகும்.