ஆண்டையின் குரலும் ஆண்டவரின் குரலும்: சோஜர்னர் ட்ரூத்தின் வாழ்க்கை

1827ஆம் ஆண்டு, பெந்தெகொஸ்தே பண்டிகைக் காலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், தன் பழைய ஆண்டையின் குதிரை வண்டியில் ஏறுவதற்காக இசபெல்லா என்ற கறுப்பினப் பெண் கைக்குழந்தையுடன் ஆயத்தமாக இருந்தார். அவரை யாரும் இழுத்துச் செல்லவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஆண்டையின் வீட்டைவிட்டு அவர் வெளியேறியிருந்தார். ஆயினும், டச்சுக் குடியேறிகள் பிங்க்ஸ்டர் என்றழைத்த அப்பண்டிகையில் அடிமைகளுக்குக் கிடைக்கும் ஓய்வும், ஆட்டமும் பாட்டும், பழைய தோழமைகளும் அவர் நினைவில் வந்து வாட்டின. திரும்பிச் செல்ல அவரே விரும்பினார். வண்டியை நெருங்கிய வேளையில், கடவுள் எங்கும் நிறைந்திருக்கிறார் என்ற பேருணர்வு மின்னலெனத் தன்னைத் தாக்கியதாகப் பின்னாளில் அவர் விவரித்தார். அவர் வண்டியில் ஏறவில்லை.

அந்தப் பெண்ணைத்தான் சோஜர்னர் ட்ரூத் என்ற பெயரில் வரலாறு அறியும். அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் அவர் ஆற்றிய உரைகளை நாம் அறிவோம். ஆனால் அவரைப் பொறுத்தவரை அந்தப் பணிகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கடவுள் தன்னை அழைத்தார் என்பதே அந்த வேர். அழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஐயம் எழுவது இயல்பு. ஒடுக்கப்பட்டோரிடம் பொறுமையைக் கேட்டவர்களும் கடவுளின் பெயரால்தானே கேட்டார்கள்? எது ஆண்டவரின் குரல், எது ஆண்டையின் குரல் என்று பிரித்தறிவது எங்ஙனம்? கிறித்தவ மரபு இதனை ஆவிகளைப் பகுத்தறிதல் என்கிறது. அந்தப் பகுத்தறிவை ட்ரூத் அடிபட்டே பெற்றார். இடையில் ஒருமுறை ஏமாந்தும் போனார்.

ஏறத்தாழ 1797இல் அல்ஸ்டர் மாவட்டத்தில் ஒரு டச்சு ஆண்டையின் உடைமையாக அவர் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக விற்கப்பட்டிருந்தனர். வானத்து விண்மீன்களுக்குக் கீழே மகளை அமர்த்தி, கேட்கிற கடவுள் ஒருவர் மேலே இருக்கிறார் என்று தாய் கற்பித்தார். ஏறத்தாழ 9 வயதில், ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு இசபெல்லா விற்கப்பட்டார். டச்சு மட்டுமே அறிந்த சிறுமி, ஆங்கிலத்தில் இட்ட கட்டளைகள் புரியாததற்காகச் சாட்டையடி பட்டாள். மேலும் இரு கைகள் மாறி, 1810இல் ஜான் டுமான்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாட்களில் டுமான்டையே கடவுளுக்கு நிகராகத் தான் கருதியதாக ட்ரூத் ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். ஆண்டை எல்லாம் அறிந்தவர், எப்போதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று நம்பி, தன் சிறு தவறுகளையும் அவரிடமே ஒப்புக்கொண்டார். அடிமைமுறை உடலை மட்டுமன்றி, கடவுளின் இடத்தையும் கைப்பற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் அரிது. இத்தனைக்கும் நடுவில், ஓடை ஒன்றின் நடுவே இருந்த சிறு திட்டில் மரக்கிளைகளால் மறைப்புக் கட்டி, கடவுளோடு உரக்கப் பேசுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

1827 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் அடிமைகள் விடுதலை பெறுவர் என்று 1817இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே விடுவிப்பதாக வாக்களித்த டுமான்ட், அவர் கையில் ஏற்பட்ட காயத்தால் வேலை குறைந்தது என்று காரணம் காட்டி வாக்கை மீறினார். இசபெல்லா தான் செலுத்தவேண்டியதாகக் கருதிய வேலையை முடித்து, 1826இன் இறுதியில் ஒரு விடியற்காலையில் கைக்குழந்தையுடன் நடந்து வெளியேறினார். வான் வாகெனென் தம்பதியர் அடைக்கலம் தந்தனர். தேடி வந்த டுமான்டுக்கு எஞ்சிய காலத்தின் வேலைக்காக 20 டாலரும் குழந்தைக்காக 5 டாலரும் கொடுத்தனர். தங்களை ஆண்டை என்று அழைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்த வீட்டிலிருந்துதான் அவர் பண்டிகைக்குத் திரும்பிச் செல்ல முயன்றார்.

அவ்வனுபவம் அவரைத் தியானத்தில் உறையவைக்கவில்லை. அவருடைய மகன் பீட்டர், 5 வயதுச் சிறுவன், கைமாறிக் கைமாறி அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். மாநிலத்துக்கு வெளியே அடிமைகளை விற்பதை நியூயார்க் சட்டம் தடைசெய்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கிங்ஸ்டன் நீதிமன்றத்துக்கு நடந்தே சென்று முறையிட்டார். வழக்கறிஞர் கேட்ட தொகையைக் குவேக்கர் சமூகத்தாரிடம் திரட்டினார். தேவைக்கு மேல் சேர்ந்த பணத்தில் செருப்பு வாங்கிக்கொள்ளுமாறு மற்றவர்கள் கூறியும், முழுவதையும் வழக்குக்கே கொடுத்தார். 1828இல் மகனை மீட்டார். அவன் உடலெங்கும் சாட்டைத் தழும்புகள் இருந்தன. அச்சத்தால் முதலில் தன் தாயையே அவன் மறுத்தான். வெள்ளையருக்கு எதிராக வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களுள் ஒருவராக அவர் நிற்கிறார். செபமும் மனுவும் அவருக்கு ஒன்றையொன்று விலக்கியவை அல்ல. சட்டத்தொழிலில் இருக்கும் நாம் இதனை நினைவில் நிறுத்த வேண்டும்.

ஆயினும் விடுதலை பெற்றவரையும் போலிக்குரல் தேடி வரும். நியூயார்க் நகரில் வீட்டுவேலை செய்து வாழ்ந்தபோது, மத்தியாஸ் என்று தன்னை அழைத்துக்கொண்ட ராபர்ட் மாத்யூஸ் தன்னைக் கடவுளின் ஆவியாக அறிவித்தார். இசபெல்லா அவரை நம்பினார். தன் சேமிப்பைக் கொடுத்து, 1830களின் தொடக்கத்தில் அவருடைய சமூகத்தில் இணைந்தார். எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்லப்பட்ட அவ்வில்லத்திலும் வீட்டுவேலையின் பெருஞ்சுமை அவர் தோளில்தான் விழுந்தது. 1834இல் உறுப்பினர் ஒருவர் இறக்க, அச்சமூகம் சிதறியது. உடன் வாழ்ந்த வெள்ளையர் குடும்பமொன்று, இசபெல்லா தங்களுக்கு நஞ்சிட முயன்றதாகப் பழி சுமத்தியது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்து, 125 டாலர் இழப்பீடு பெற்றார். ஏமாந்ததற்காக வெட்கி ஒடுங்காமல், மீண்டும் நீதிமன்றப் படியேறிய அந்தத் துணிவு பெரிது.

அதன்பின் அவர் தன்னையே சோதித்தார். தெருப்பனியை அகற்ற ஓர் ஏழையை அமர்த்திக்கொள்ளுமாறு வீட்டுக்காரர் கொடுத்த அரை டாலரை, அதிகாலையில் தானே அவ்வேலையைச் செய்து அவர் எடுத்துக்கொண்டதுண்டு. அந்த வேலை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று ஓர் ஏழை முறையிட்டபோது, தனக்கும் தேவை உண்டு என்று மனத்தை இறுக்கிக்கொண்டார். பணக்காரர் ஏழையைச் சுரண்ட, ஏழை தன்னினும் எளியவரைச் சுரண்டும் அந்நகரின் சுழலில் தானும் ஒரு பல்சக்கரம் என்பதை அவர் காலப்போக்கில் உணர்ந்தார். அடுத்தவரின் குற்றத்தைக் காட்டித் தன்னை மட்டும் காட்டாத குரலை அவர் கடவுளின் குரலாக ஏற்கவில்லை.

1843 ஜூன் 1. மீண்டும் பெந்தெகொஸ்தே காலம். தலையணை உறையில் சில துணிகளோடு நகரைவிட்டுக் கிழக்கு நோக்கி நடந்தார். ஆண்டைகள் வழி வந்த பெயரைத் துறந்து, உண்மையைச் சொல்லிச் செல்லும் வழிப்போக்கர் என்ற பொருள் தரும் பெயரைச் சூடினார். அழைப்பு அவரை ஒரே நாளில் அச்சமற்றவராக்கிவிடவில்லை. திறந்தவெளி வழிபாடு ஒன்றில் ரௌடி இளைஞர்கள் கூச்சலிட்டு நுழைந்தபோது, அங்கிருந்த ஒரே கறுப்பினத்தவர் தான் என்பதை உணர்ந்து ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். பிறகு தன் நம்பிக்கையை நினைத்து வெட்கி, வெளியே வந்து மேட்டில் நின்று பாடினார். கூட்டம் அடங்கிக் கலைந்தது.

உள்நாட்டுப் போரின் முடிவுக்குப் பிறகு வாஷிங்டனின் டிராம் வண்டிகளில் ஏறும் உரிமைக்காக நடத்துநர்களோடு போராடினார். தோளில் காயப்படுத்திய நடத்துநர்மீது சட்ட நடவடிக்கை எடுத்தார். விடுதலை பெற்றோருக்கு மேற்கில் அரசு நிலம் வழங்க வேண்டும் என்று 1870களில் ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினார். அந்த நிலம் கிடைக்கவில்லை. 1883 நவம்பர் 26 அன்று மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் மறைந்தார்.

நிலமற்றோரின் விடுதலை முழுமையற்றது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். ஆகவே அந்தத் தோல்வியும் நமக்கு அந்நியமானதன்று. அவருடைய வாழ்விலிருந்து நாம் பெறும் உரைகல் எளியது. ஒரு குரல் நம்மைத் திரும்பவும் ஆண்டையின் வண்டியில் ஏறச் சொல்கிறதா, அல்லது தொலைந்த பிள்ளைக்காக நீதிமன்றம் நோக்கி நடக்கச் சொல்கிறதா? இறைநம்பிக்கை உள்ளோரும் இல்லாதோரும் இக்கேள்வியைத் தத்தம் வாழ்வில் எழுப்பிக்கொள்ளலாம்.