கென் மைல்ஸ் என்னும் சோதனையாளர்

விடுதியில் ஓர் இரவு நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ‘ஃபோர்டு வி ஃபெராரி’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. முடிந்ததும் பெரிய வாக்குவாதம் எழுந்தது. 1966-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் கென் மைல்ஸுக்கு நேர்ந்தது அநீதியா, அல்லவா என்பதே வழக்கு. நள்ளிரவு தாண்டியும் தீர்ப்பு வரவில்லை. எனக்கோ வேறொரு கேள்வி. படத்தில் அம்மனிதர் நமக்கு அறிமுகமாகும்போதே நாற்பதைக் கடந்துவிட்டார். அதற்கு முன்னர் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இந்த வித்தையை எங்கே கற்றார்? தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, உலகப் புகழ் பெற்ற அந்த ஒரு பந்தயத்தைவிட, பரிசுப் பணம் இல்லாமல் அவர் ஓடிய வார இறுதிப் பந்தயங்களே என் மனத்தில் நின்றன.

கென் மைல்ஸ் 1918-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த சட்டன் கோல்டுஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். (தூரத்தின் அளவையே பெயராகக் கொண்டவர் பந்தயக்காரர் ஆனது வியப்பன்று என்று என் அறைத் தோழன் சொன்னான்.) வுல்ஸ்லி மோட்டார் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் சார்ஜெண்டாகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் பழைய பந்தயக் கார்களை ஓட்டும் சங்கம் ஒன்றில் சேர்ந்து புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ, ஆல்விஸ் ஆகிய வண்டிகளை ஓட்டினார்.

பிறகுதான் அவர் வாழ்க்கையின் முதல் ‘கலப்பு மணம்’ நடந்தது. ஃப்ரேசர் நாஷ் என்னும் ஆங்கில வண்டியில் அமெரிக்க ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட காரை அவர் பந்தயங்களில் ஓட்டினார். பழைய ஃப்ரேசர் நாஷ் விசித்திரமான வண்டி. ஒவ்வொரு கியருக்கும் ஒரு சங்கிலி; நம் சைக்கிளில் இருப்பது போலத்தான். பின்னச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்ல வேண்டும் அல்லவா? இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருந்தால் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். இத்தகைய வண்டியில் கனமான, வலிமை மிக்க எஞ்சினை ஏற்றினால் ஓட்டுபவன் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல இடம் கேட்கிறேன். எங்கள் ஆய்வுக் கூடத்தில் பழைய வெற்றிடக் கருவி ஒன்று உண்டு. அதன் பம்பு பழுதானபோது, கிடைத்ததே என்று பெரிய பம்பு ஒன்றைப் பொருத்தினோம். வெற்றிடம் விரைவில் கிடைத்தது. ஆனால் அளவீடுகள் எல்லாம் நடுங்கத் தொடங்கின. பம்பின் அதிர்வு குழாய் வழியே கருவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குழாயை மாற்றினோம், தாங்கியை மாற்றினோம், அடியில் ரப்பர் வைத்தோம். ஒருநாள் வேலை என்று தொடங்கியது இரண்டு மாதங்களை விழுங்கிற்று. எஞ்சினை மாற்றுவதும் இப்படித்தான். புதிய எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது எளிய பகுதி. அதன் பின் முன்பாரம் மாறும்; ஸ்பிரிங் போதாது; பிரேக் போதாது; ரேடியேட்டர் கொதிக்கும்; பின்னச்சு முறியும். ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி மாற்ற வேண்டும். அந்தப் பொறுமைதான் மைல்ஸின் தொழில்.

1952-ஆம் ஆண்டு அவர் மனைவி மோலியோடும் சிறு மகனோடும் அமெரிக்காவுக்குச் சென்று லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். தென் காலிபோர்னியாவில் எம்.ஜி. கார்களை விற்பனை செய்த நிறுவனத்தில் பழுதுபார்க்கும் பிரிவின் மேலாளர் வேலை. அக்காலத்தில் அந்நாட்டின் ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் பரிசுப் பணத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டுநர்கள் அனைவரும் அமெச்சூர்கள். வெள்ளி வரை அலுவலகம், சனி ஞாயிறுகளில் ஏதாவதொரு விமானத் தளத்திலோ பூங்காச் சாலையிலோ பந்தயம், திங்களன்று மறுபடி அலுவலகம். வென்றால் ஒரு கோப்பை, அவ்வளவே.

இந்த உலகத்தில்தான் மைல்ஸ் தம் கையால் ஒரு காரைக் கட்டினார். எம்.ஜி.யின் உறுப்புகளை எடுத்து, இலேசான குழாய்ச் சட்டம் அமைத்து, தாழ்ந்த உடலைப் போர்த்தி, ‘ஆர்-1’ என்று பெயரிட்டார். 1953-ஆம் ஆண்டில் அந்த வண்டி தொடர்ந்து 14 பந்தயங்களில் வென்றது. எதிரே நின்றவை ஐரோப்பாவிலிருந்து பெரும் பணம் கொடுத்துத் தருவித்தவை. எம்.ஜி. எஞ்சின் ஒன்றும் அதிசயப் பொருளன்று, கடைத்தெருச் சரக்கு. எடையைக் குறைத்ததும் வளைவில் வண்டி நடந்துகொண்ட விதமுமே வெற்றியைத் தந்தன. 1955-இல் இன்னும் தட்டையான ‘ஆர்-2’ வந்தது. அதற்குப் ‘பறக்கும் கூரைத் தகடு’ என்று பட்டப்பெயர் கிடைத்தது.

பின்னர் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வண்டி. இங்கிலாந்தின் கூப்பர் காரில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும். சட்டம் சிறியது, நன்று. ஆனால் எஞ்சின் 1,100 கன செ.மீ. அளவே. ஜெர்மனியின் போர்ஷ் 550 வண்டியில் இருந்ததோ 1,500 கன செ.மீ. அளவுள்ள, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். முன்னதன் உடலில் பின்னதன் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் மைல்ஸ் ஏற்றினார். போர்ஷையும் கூப்பரையும் ஒட்டிப் ‘பூப்பர்’ என்று மக்கள் அழைத்தார்கள். (இதே பெயரில் வேறொருவர் கட்டிய வண்டி முன்பே இருந்தது, மைல்ஸுடையது இரண்டாவது.) இந்தக் கலப்பு வண்டி போர்ஷின் சொந்தக் கார்களையே முந்தியது. தம் எஞ்சினே தம் காரைத் தோற்கடிப்பதை எந்த நிறுவனம்தான் விரும்பும்? விரைவில் அந்த வண்டி கைமாறிப் போயிற்று.

அவர் எளிதில் பழகத்தக்கவர் அல்லர். நாக்கு கூர்மையானது. தேநீர்ப் பித்து பிடித்தவர். ‘டெடி டீபேக்’ என்று தோழர்கள் கேலி செய்வார்களாம். உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் நிர்வாகத்திலும் அவர் முன்னின்றார். சொந்தமாக நடத்திய பழுதுபார்க்கும் கடை நொடித்துப் போகவே, 1963-ஆம் ஆண்டு கேரல் ஷெல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

ஷெல்பி டெக்ஸாஸ்காரர், 1959-இல் லெ மானில் வென்று, இதய நோயால் பந்தயத்தை விட்டவர். இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் என்னும் சிறு காரில் இரண்டு லிட்டர் பிரிஸ்டல் எஞ்சின் இருந்த இடத்தில் ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை 1962-இல் வைத்துக் ‘கோப்ரா’ என்று பெயரிட்டார். மைல்ஸுக்கு இது பழகிய நோய், பழகிய மருந்து. கோப்ராவை ஓட்டுவதும் சோதிப்பதும் திருத்துவதும் அவர் பொறுப்பாயின. அதே 1963-இல், சன்பீம் ஆல்பைன் என்னும் மென்மையான ஆங்கிலக் காரிலும் ஃபோர்டு எஞ்சினை நுழைத்து ஒரு மாதிரி வண்டி செய்து தந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 800 டாலர். ‘டைகர்’ என்ற பெயரில் அந்தக் கார் பிற்பாடு சந்தைக்கு வந்தது.

எஞ்சின் பெரிதானால் வண்டி வெல்லும் என்னும் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. 1964-ஆம் ஆண்டு செப்ரிங் பந்தயத்துக்கு, கோப்ராவின் பழைய சட்டத்திலேயே ஏழு லிட்டர் எஞ்சினை ஏற்றிக் கொண்டுபோனார்கள். வில்லுத் தகடு ஸ்பிரிங் கொண்ட அந்தச் சட்டம் முதலில் இரண்டு லிட்டருக்காகப் பிறந்தது. பயிற்சி ஓட்டத்திலேயே மைல்ஸ் ஒரு மரத்தில் மோதினார். இரவோடிரவாகச் சீர்செய்து பந்தயத்தில் ஓட்டியும் பயனில்லை. அடுத்த ஆண்டு ஏழு லிட்டர் கோப்ரா விற்பனைக்கு வந்தபோது அதன் சட்டக் குழாய்கள் மூன்று அங்குலத்திலிருந்து நான்கு அங்குலமாகத் தடித்திருந்தன. வில்லுத் தகடு போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்திருந்தது.

மஸ்டாங் காரை அமெச்சூர் பந்தயத்துக்குத் தகுதியாக்கிய கதையும் சுவையானது. அது குடும்பத்தோடு கடைக்குப் போகும் கார். ஷெல்பியின் குழு அதன் பின் இருக்கையைக் கழற்றி, ‘ஜி.டி. 350’ என்று பெயரிட்டது. சோதனைகளில் செய்த மாற்றங்களுள் ஒன்று, முன் சக்கரங்களைத் தாங்கும் மேற்கையின் மூட்டை ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இறக்கியது. அவ்வளவுதான். ஆனால் வண்டி வளைவில் சாயும்போது வெளிச் சக்கரம் தரையில் சம்மணமிட்டு உட்காருவது போலப் படிய, அந்த ஓர் அங்குலம் போதுமானதாயிற்று. 1965-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்ஸாஸில் நடந்த அதன் முதல் பந்தயத்தில் மைல்ஸே ஓட்டி வென்றார். நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிய அந்த வண்டியின் புகைப்படம் இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது. அந்த ஆண்டு முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து அப்பிரிவின் தேசிய விருது ஜி.டி. 350 காருக்கே சென்றது.

ஃபோர்டின் ஜி.டி. 40 கார் 1964-இல் லெ மானில் ஒன்றுகூட முடிவு வரை ஓடவில்லை. ஆண்டிறுதியில் அது ஷெல்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. உடலெங்கும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டி, காற்று எப்பக்கம் போகிறது என்று கண்டறிந்து, குளிரூட்டும் வழிகளைத் திருத்தினார்கள். கணிப்பொறி வைத்திருந்த பெரிய நிறுவனத்தின் காரைப் பஞ்சு நூல் திருத்தியது என்று படித்தபோது, எங்கள் ஆய்வுக் கூட உதவியாளர் முகம் என் நினைவுக்கு வந்தது! சில வாரங்களிலேயே, 1965 பிப்ரவரியில், மைல்ஸும் லாயிட் ரூபியும் டேடோனாவில் அந்தக் காருக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தனர். பிறகு அதிலும் எஞ்சின் மாறியது: 4.7 லிட்டருக்குப் பதில் ஏழு லிட்டர். அதன் சோதனை ஓட்டங்களிலும் மைல்ஸ்தான்.

1966-இல் டேடோனாவின் 24 மணிப் பந்தயத்தையும் செப்ரிங்கின் 12 மணிப் பந்தயத்தையும் ரூபியோடு வென்றார். லெ மானில் டென்னி ஹியூமோடு முன்னணியில் இருந்தபோது, ஃபோர்டு கார்கள் சேர்ந்தாற்போல் கோட்டைக் கடக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். சேர்ந்து கடந்தால் சமநிலை ஆகும் என்ற கணக்கு தவறிற்று. மக்லாரனும் ஏமனும் ஓட்டிய கார் தொடக்க வரிசையில் பின்னால் நின்றது, ஆகவே அதிக தூரம் ஓடியது அதுவே என்று வெற்றி அவர்களுக்குப் போயிற்று. விடுதி வழக்கில் என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன்: கணக்கு சரி, மனக்குறையும் நியாயம். ஆனால் அவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுவன்று.

இரண்டே மாதங்கள் கழித்து, ஆகஸ்டு 17-ஆம் நாள், ரிவர்சைடு ஓடுதளத்தில் ‘ஜே-கார்’ என்ற புதிய வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதன் உடல் தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட அலுமினியத் தகடுகளைப் பசையால் ஒட்டி ஆக்கியது. எடை மிகக் குறைவு. நாள் முழுவதும் ஓட்டினார். ஒரு மைல் நீளமுள்ள நேர்ப்பாதையின் முடிவில் வேகம் தணிக்கும் இடத்தில் வண்டி திடீரெனச் சுழன்று, உருண்டு, பிளந்து, தீப்பற்றியது. வெளியே வீசப்பட்ட மைல்ஸ் அங்கேயே மாண்டார். வயது 47. போட்டியில் எதிரிகள் எவரும் இல்லை. பார்வையாளர் கூட்டம் இல்லை. அது வேலை நாள், புதன்கிழமை.

அதன் பின்னர் அவ்வண்டியின் உடல் வடிவம் மாற்றப்பட்டது. உள்ளே ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூண்டு வைக்கப்பட்டது. எடை கூடியது, யாரும் முணுமுணுக்கவில்லை. ‘மார்க் 4’ என்னும் பெயரோடு 1967-இல் அது லெ மானுக்குச் சென்றது. டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அதில் வென்றார்கள். அதே பந்தயத்தில், இரவில், மற்றொரு மார்க் 4 காரை ஓட்டிய மரியோ ஆண்ட்ரெட்டி பெருவேகத்தில் மோதினார். வண்டி நொறுங்கிப் போயிற்று. கூண்டு நின்றது. விலா எலும்புகள் முறிந்ததோடு அவர் பிழைத்தார்.