ஊர் அறியாத உபகாரி டாக்டர் சுப்பராவ்

கர்ப்பிணிப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தவறாமல் கிடைப்பது இரும்புச் சத்து மாத்திரை. அதில் இரும்போடு போலிக் அமிலம் என்ற மற்றொரு சத்தும் சேர்ந்திருக்கிறது. கடலூர், நாகைப் பக்கங்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் மெதோட்ரெக்ஸேட் ஒன்று.

இம்மூன்றும் ஒரே ஆராய்ச்சிச் சாலையோடு தொடர்பு கொண்டவை. அந்தச் சாலையின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையிலே படித்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளிப் பாடம் கேட்டவர். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பராவ். மருந்தைச் சாப்பிடுகிறவர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் ரசாயன ஆராய்ச்சி செய்யும் அறிஞர்களுக்கு அது பழகிப்போன பெயர்.

காசிக்கு ஓடிய சிறுவன்

சுப்பராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. பெரிய குடும்பம், வருமானமோ சொற்பம். பதின்மூன்று வயதில் பையனுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டான். தாயார் விடவில்லை. வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

படிப்பு எளிதில் வந்துவிடவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மகன் படிப்புக்காகத் தாயார் தம் நகைகளை விற்றார். அடுத்து மாநிலக் கல்லூரி. துறவு பூண்டு ராமகிருஷ்ண மடத்தில் சேர வேண்டுமென்ற ஆசை சுப்பராவுக்கு இருந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. மடத்தாரும் வைத்தியம் படித்து ஜனங்களுக்குத் தொண்டு செய்யும்படி அவருக்கு யோசனை சொன்னார்கள். அப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் கேட்ட காலம். சுப்பராவ் கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாகச் செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க வைத்திய இலாகாவில் வேலைக்கு முயன்றார், அதுவும் கைகூடவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே குடும்பத்தில் இடி விழுந்தது. ஸ்புரு என்ற குடல் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் பலியானார்கள். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் போய், ரத்தம் குன்றி, ஆள் எலும்பும் தோலுமாகிவிடும் நோய் அது. அதற்கு மருந்து என்று ஒன்று அந்நாளில் இல்லை. படித்த வைத்தியம் கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்ற உதவவில்லை என்ற துயரம் சுப்பராவின் மனத்தை விட்டு அகலவே இல்லை.

நீல நிறம்

மாமனாரின் பண உதவியுடன் 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இளம் மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். சில வருஷங்களில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணப் பிரதேச நோய்களைப் பற்றிப் படித்தார். சாப்பாட்டுச் செலவுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் கடைநிலைச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். பிறகு சைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரின் ரசாயனச் சாலையில் இடம் கிடைத்தது.

எலும்பு, ரத்தம், தசை எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. அது எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளப்பது அந்நாளில் பெரும்பாடு. பிஸ்கேயும் சுப்பராவும் 1925-ல் அதற்கு ஒரு நல்ல வழியை வெளியிட்டார்கள். சோதிக்க வேண்டிய திரவத்தில் அமிலத்தையும் மாலிப்டினம் உப்பையும் சேர்க்க வேண்டியது. பிறகு வேறொரு ரசாயனத்தைச் சிறிதளவு விட வேண்டியது. பாஸ்பேட் இருந்தால் திரவம் நீலமாகும். நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு பாஸ்பரஸ். அளவு தெரிந்த மற்றொரு திரவத்தின் நீலத்தோடு ஒப்பிட்டால் கணக்குக் கிடைத்துவிடும். சாதாரணமாகப் பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம்.

ஒரு விஞ்ஞானக் கட்டுரையின் செல்வாக்கை அறிய அறிஞர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எத்தனை தடவை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அது. பெரும்பாலான கட்டுரைகள் சில ஆண்டுகளில் தூசி படிந்துவிடும். இந்த இருபத்தாறு பக்கக் கட்டுரை ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஆதாரமாக இடம் பெற்றுவிட்டது. உலகில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகளின் வரிசையில் அதுவும் நிற்கிறது.

தசையிலிருந்து எடுத்த சாற்றை இதே முறையில் சோதித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. உடனே ஏற வேண்டிய நீல நிறம் மெல்ல மெல்லத்தான் ஏறிற்று. வேறொருவராக இருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று சாற்றைக் கொட்டியிருப்பார். இவர்கள் காரணத்தைத் தேடினார்கள். தசையில் எளிதில் உடைந்துபோகும் ஒரு பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் இருப்பது தெரிந்தது. அதுவே பாஸ்போகிரியேட்டின். 1927-ல் இது வெளியாயிற்று. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று, நோபல் பரிசு பெற்ற மேதைகள் கொண்டிருந்த கருத்து இதனால் ஆட்டம் கண்டது. 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளையும் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் தன் வேலைக்கு வேண்டிய சக்தியைச் செலவழிக்கும் நாணயம் அது. ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார்.

மறுக்கப்பட்ட பதவி

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. கண்டுபிடிப்புகளில் தம் பங்கு சிறிதே என்று அவரே பிஸ்கேக்கு விட்டுக்கொடுத்துப் பேசியதாகச் சொல்வார்கள். அவர் பிரித்தெடுத்த சில பொருள்கள் அப்போது வெளியாகாமல் போய், பல ஆண்டுகளுக்குப் பின் வேறு ஆராய்ச்சியாளர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பிஸ்கேயின் பொறாமையே அதற்குக் காரணம் என்று, அங்கே மாணவராக இருந்து 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அச்சேறாத ஆராய்ச்சி, செய்தவனுக்கும் பயனில்லை, உலகத்துக்கும் பயனில்லை.

1940-ல் சுப்பராவ் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிச் சாலையில் முழுநேரப் பணியில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர் முதலில் தேடிய பொருள்களில் ஒன்று, ரத்தம் ஊறச் செய்யும் சத்து. அந்தத் தேடலுக்கு விதை விழுந்ததும் இந்தியாவில்தான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாயில் சோகை பிடித்த கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணம் கண்டு, அதை 1931-ல் எழுதியிருந்தார். ஈஸ்டில் இருந்த சத்து எது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. 1941-ல் வேறு சிலர் நான்கு டன் கீரையிலிருந்து மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து, போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லெடர்லியில் சுப்பராவின் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டறிந்து, ரசாயனச் சாலையிலேயே செய்தும் காட்டினார்கள். 1945-ல் அது வெளியாயிற்று. கட்டுரையில் பலருடைய பெயர்களுக்கு நடுவே ஒன்றாகத்தான் அவர் பெயர் இருந்தது.

டாக்டர் டாம் ஸ்பைஸ் முதலானவர்கள் அந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோகை நீங்கிற்று. ஸ்புரு நோயாளிகளும் தேறினார்கள். அண்ணன் தம்பியைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. கால் நூற்றாண்டு தாமதமாகத்தான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்தது.

பதினாறு குழந்தைகள்

பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய் அணுக்களைப் போலிக் அமிலம் வளர்ப்பதாகச் சந்தேகித்தார். அப்படியானால் அந்த அமிலம் வேலை செய்யாமல் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் என்ன? சுப்பராவின் குழு அப்படிப்பட்ட பொருள்களைச் செய்து அனுப்பிற்று. அவற்றில் அமினோப்டெரின் என்பது 1947-ன் இறுதியில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது என்று 1948 ஜூனில் பார்பர் எழுதினார். அந்தத் தணிவு தற்காலிகமானதே. ஆயினும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்ற நம்பிக்கை அன்றுதான் பிறந்தது. அமினோப்டெரினுக்குத் தம்பிதான் மெதோட்ரெக்ஸேட்.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ராஸான் 1947-ல் இதே சாலையில் பிறந்தது. எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவர நிபுணர் அங்கே மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்கிளின் இனத்தின் முதல் மருந்தாக 1948-ல் வெளியுலகுக்கு வந்தது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, 1948 ஆகஸ்டில், சுப்பராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. ஒரு தடவைகூட அவர் தாய்நாடு திரும்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. அவர் கடல் கடந்த பின் பிறந்த ஆண் குழந்தை பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோயிற்று. மனைவி சேஷகிரி கணவர் முகத்தை மறுபடி காணவே இல்லை. உலகுக்கு அவர் கொடுத்த மருந்துகளுக்கு அந்தக் குடும்பமும் ஒரு விலை கொடுத்தது.

ஒரு பூஞ்சணத்துக்கு 1953-ல் அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டினார்கள். நூற்றாண்டு நிறைந்த 1995-ல் இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. பட்டமும் பரிசும் அவ்வளவுதான். ஆனால் இன்று சுகாதார நிலையத்தில் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகும் பெண்ணுக்கு அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. அவள் பெறும் குழந்தை சுகமாகப் பிறந்தால் போதும். வாழைப்பழம் விற்கக் காசிக்கு ஓடிய மகனைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தத் தாயார் செய்த புண்ணியம் இன்னும் பலன் தந்துகொண்டிருக்கிறது.