கணிதமேதை ராமானுஜனும் தாம்பரம் சானடோரியம் டாக்டரும்: எண்களுக்குப் பின்னால் ஒரு மனச்சோர்வு!

மின்சார ரயில்ல தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிப் போறீங்களா? அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில், 1917-ல் ஒரு நோயாளி சேர்ந்தார். பெயர், ஸ்ரீனிவாச ராமானுஜன்!

ஈரோட்டில் 1887-ல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபடியே பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். போன சில மாதங்களிலேயே முதல் உலகப்போர். குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், 1917-லிருந்து மாறி மாறி ஆஸ்பத்திரி வாசம். ஊரிலோ மாமியார், மருமகள் பிரச்னை. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

1918 தொடக்கத்தில் லண்டனில் தற்கொலைக்கு முயன்றார். நல்லவேளை, காப்பாற்றப்பட்டார். அன்று அது குற்றம் என்பதால் போலீஸ் வந்தது. ஹார்டி பேசி மீட்டார். அதே வருஷம் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, ட்ரினிட்டி கல்லூரி ஃபெல்லோ என்று பெருமைகள் குவிந்தன. வெளியிலிருந்து பார்த்தவங்களுக்கு அவர் ஜெயிச்ச மனுஷன்.

ஆஸ்பத்திரிகள் அவர் உடம்பைத்தான் பார்த்தன. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32. எண்ணங்களைப் பேசிச் சரிசெய்யும் சி.பி.டி சிகிச்சையை ஆரோன் பெக் உருவாக்கியது 1960-களில்தான்.

இன்னைக்கு என்ன வழி?

அவருக்கு இருந்தது எந்த வகை மனச்சோர்வுன்னு இப்போ நாம முடிவுபண்ண முடியாது. ஆனா, அதே நிலைமையில் இருக்கிறவங்களுக்கு இன்னைக்கு உதவி இருக்கு.

* தனிமை, இழப்பு, இடமாற்றத்தால் வரும் லேசான மனச்சோர்வு: பல நேரம் பேச்சு சிகிச்சையே போதும்.
* தீவிர மனச்சோர்வு: மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் பலன் அதிகம்.
* வருஷக்கணக்கில் இழுப்பது: குணமாக நாளாகும், பாதியில் விடக் கூடாது.
* உடல்நோயோடு வருவது: ரெண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேணும்.
* பைபோலார்: மருந்துதான் முதல், பேச்சு அதுக்குத் துணை.

வெளியூர், வெளிநாடுன்னு போயிருக்கும் ஃப்ரெண்ட் திடீர்னு பேசுறதைக் குறைச்சிட்டா, இன்னைக்கே ஒரு போன் போடுங்க. உங்களுக்கே பாரமா இருந்தா 104 அல்லது 14416-ஐ அழைக்கலாம். ரெண்டுமே இலவசம், தமிழ்லயே பேசலாம்.